கர்ட் என்ற ரவுட்டர்

ஆல்டர் ஹார்பர், மினசோட்டா
செப்டம்பர் 8, 2013

கர்ட்டுக்கு,

மூன்று வாரமாக அடித்துப் பார்த்துவிட்டேன், நீ ஃபோனை எடுப்பதாக இல்லை. அதனால் டெட்ராயிட் தபால் படகுக்கு இதை அனுப்புகிறேன். அது பக்கத்தில் வந்ததும் கப்பலில் இருந்து கயிற்றில் வாளியை இறக்கித் தபாலைத் தூக்கிக்கொள்வீர்களே, அதிலிருந்து இதை எடுத்து அப்படியே ஆற்றில் போட்டுவிடாதே. முழுதும் படித்துவிட்டுப் போடு.

ஆகஸ்ட் 19ஆம் தேதி நான் துறைக்கு வராதது தப்பு. காகித மில் மூடி எனக்கு வேலை போனதும் நீதான் கேப்டனிடம் பேசி, கப்பல் சமையலறையில் எனக்கு இடம் பிடித்து வைத்தாய். பையைக் கட்டிவிட்டேன். காரில் ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். துறைக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேராகப் போனேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் எனக்குப் பதில் தெரியவில்லை. நேராகப் போனால் கல்லூரி. மில்லில் வேலை போனவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், அது முன் சீட்டிலேயே கிடந்தது. சேர அன்றுதான் கடைசி நாள். வரிசையில் நின்றேன். நெட்வொர்க் படிப்பில் இடம் இருக்கிறது என்றார்கள். சரி என்றேன். நாற்பத்தாறு வயதில்!

முதல் வகுப்பில் கில்ராய் டீச்சர் மேசை மேல் ஒரு ரவுட்டரை வைத்தார். பீட்சா டப்பா அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. "ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா இதுதான் வாசல். வர்ற பாக்கெட்டோட, அதாவது செய்தித் துண்டோட, முகவரியைப் பார்க்கும், தன்கிட்ட இருக்கிற பட்டியலைப் பார்க்கும், எந்தப் பக்கம் தள்ளணுமோ தள்ளிவிடும். அவ்வளவுதான்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "அப்ப முழு வழியும் அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அடுத்தது யாருன்னு மட்டும் தெரியும்."

"முழு வழி ஒருத்தருக்கும் தெரியாமலா உலகம் பூரா இது ஓடுது?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன். மேசைக்கு இரண்டு பேர். எனக்கு ஜோடி வெண்டல் ப்ரோமன். ஆமாம், மில்லில் ஃபோர்மனாக இருந்த அதே ப்ரோமன்தான். அவருக்கும் வேலை போயிற்று. பதினோரு வருடத்துக்கு முன் உன்னை மில்லிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. அவர் பெயரைக் கேட்டால் எழுந்து போய்விடுவாய், ஊர் பேசியதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்கள் போட்டது.

பதில் போடு.

உன் அக்கா,
கோலீன்


எல்மர் ஹாஸ்கின்ஸ் கப்பல், ஹியூரான் ஏரி
செப்டம்பர் 21

கோலீன்,

உனக்காகக் கப்பல் நாற்பது நிமிடம் நின்றது. கேப்டன் என்னிடம் கேட்டது இது: "என்ன சண்ட்வால், உங்க அக்கா வர்றாங்களா, இல்ல நாம ஒஹாயோ போய்ச் சேர்ந்ததும் நீந்தி வருவாங்களா?" மேல்தளத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மாற்று ஆள் வரும் வரை மூன்று வாரம் சுக்கான் வேலை முடிந்து இறங்கியதும் பானை தேய்த்தேன். இருபத்திரண்டு பேர் சாப்பிட்ட பானை. பீன்ஸ் அடிப்பிடித்த பானை.

ப்ரோமனைப் பற்றி எனக்கு எழுதாதே. ஒரு வரிகூட.

கர்ட்


செப்டம்பர் 30

கர்ட்டுக்கு,

கடிதம் வந்ததே பெரிய விஷயம். பானைக்கு மன்னிப்பு. பீன்ஸுக்குத் தனியாக மன்னிப்பு.

முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினேன். அறுபது வேண்டும். இரண்டு தேர்வில் தோற்றால் படிப்பு ரத்து, நான் வெளியே.

எனக்கு எது புரியவில்லை என்று சொல்வதுகூடக் கஷ்டம். ஒவ்வொரு கணினிக்கும் நான்கு எண் கொண்ட முகவரி. சரி. கூடவே மாஸ்க் என்று இன்னொரு நான்கு எண். அதை முகவரிமேல் வைத்துப் பார்த்தால் எது தெரு, எது வீட்டு எண் என்று தெரிந்துவிடுமாம். டீச்சர் பலகையில் செய்யும்போது தெரிகிறது. நான் உட்கார்ந்து செய்தால் தெருவும் வீடும் கலந்துவிடுகிறது. இதில் ஒன்றும் சுழியமுமாகப் பிரித்து வேறு எழுத வேண்டும். நேற்று மளிகைக் கடையில் முட்டை விலையை ஒன்றும் சுழியமுமாக மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன், பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

நீ எழுதாதே என்ற ஆள் முப்பத்தெட்டு வாங்கினார். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரவுட்டருக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். எழுத்து எதைத் தட்டினாலும் அந்தப் பெயர்தான் திரையில் முதலில் வரும். பொடிசுகள் நாய் பெயர், காதலி பெயர் எல்லாம் வைத்தார்கள். நான் கர்ட் என்று வைத்தேன். என்ன சொன்னாலும் "புரியவில்லை" என்று பதில் சொல்கிறது, வேறு பெயர் தோன்றவில்லை.

கோலீன்


அக்டோபர் 10

கர்ட்,

ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, வேறு யாரிடமும் முடியாது.

நேற்றைய பாடம், கேட்கிற கணினிகளுக்கெல்லாம் ரவுட்டரே முகவரி கொடுப்பது. "உன் முகவரி இது, வெளியே போக வாசல் நான்" என்று அது சொல்லும். எனக்கு முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேசையைச் சுத்தம் செய்தேன். என் ரவுட்டரில் இருந்து ஒரு வயர் தரையில் தொங்கியது. யாராவது இடறுவார்களே என்று அதன் முனையைச் சுவரில் இருந்த ஓட்டையில் செருகிவிட்டு மதியம் சாப்பிடப் போனேன்.

அந்தச் சுவர் ஓட்டை கல்லூரி நெட்வொர்க்கினுடையது. அதில் லேப் ரவுட்டரைச் செருகக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் பெட்டி கட்டடம் முழுக்க முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. நூலகம், அலுவலகம், எல்லோருக்கும் "வாசல் நான்" என்று சொல்லியிருக்கிறது. என் பெட்டிக்குப் பின்னால் வாசலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் யாருக்கும் இணையம் இல்லை. ஆன்லைனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நர்ஸிங் மாணவிகள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள்.

நாங்கள் திரும்பியபோது தொழில்நுட்ப ஆள் எங்கள் மேசை முன் நின்றார். திரையைப் பார்த்து, "யாருங்க இந்த கர்ட்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ப்ரோமன் முந்திக்கொண்டார். "என்னுது. நான்தான் செருகினேன்."

அவர் செருகவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த ஆளோடு டீன் அறைக்குப் போனார். செருகியவருக்கு இந்தப் பருவம் முழுதும் லேப் கிடையாது என்பது விதி. லேப் இல்லை என்றால் படிப்பு இல்லை. அவருக்கு ஐம்பத்தேழு வயது.

ஏன் அப்படிச் சொன்னார்? நான் ஏன் பேசாமல் நின்றேன்? முதல் நிமிடம் அதிர்ச்சி. இரண்டாவது நிமிடம் பயம். மூன்றாவது நிமிடத்தில் அறையில் அவர் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிறது.

பதினோரு வருடத்துக்கு முன் என்ன நடந்தது? இந்த முறையாவது சொல்லு.

கோலீன்


அக்டோபர் 14

கோலீன்,

செப்டம்பர் 30 தேதியிட்ட உன் கடிதம் இன்று வாளியில் வந்தது. என் பெயரை அந்தப் பெட்டியில் இருந்து எடு. எது உடைந்தாலும் கர்ட் உடைத்தான் என்பார்கள். எனக்கு ஏற்கெனவே அந்த அனுபவம் உண்டு.

நாற்பத்தொன்று பரவாயில்லை. நீ ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இருபத்தாறு வாங்கினாய், அம்மாவிடம் அறுபத்திரண்டு என்று திருத்திக் காட்டினாய். அங்கே டீச்சரிடம் அது செல்லாது. உட்கார்ந்து படி.

புதிய சமையல்காரன் சூப்பில் பெருஞ்சீரகம் போடுகிறான். உன்மேல் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கர்ட்


அக்டோபர் 24

கோலீன்,

உன் 10ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பெயரை எடு என்று நான் எழுதியது உனக்கு வருவதற்கு முன்பே உடைத்துவிட்டாய். சிரிப்பு வரவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். ஒரே தடவைதான் எழுதுவேன்.

2002 நவம்பர். காகிதச் சுருள் அறுக்கும் இயந்திரத்தில் தடுப்புத் தகடு இருக்கும், கை உள்ளே போகாமல். வேகம் போதவில்லை என்று அதை ஒரு வாரமாகவே கழற்றி வைத்திருந்தார்கள். மேலே இருந்து வந்த உத்தரவு. அன்று ஹாரி நைகார்டின் வலது கை உள்ளே போனது. இரண்டு விரல்கள். ஹாரியை உனக்குத் தெரியும், பள்ளியில் இருந்து என்னோடு ஒரே படகில் மீன் பிடித்தவன். நான் அப்போது லாரிகளில் சுருள் ஏற்றிக்கொண்டிருந்தேன், கட்டடத்தின் மறுபக்கம்.

அறிக்கையில், தடுப்பைக் கழற்றியது கர்ட் சண்ட்வால் என்று இருந்தது. பார்த்த சாட்சி, ஃபோர்மன் வெண்டல் ப்ரோமன். கீழே அவன் கையெழுத்து.

நான் மருத்துவமனைக்குப் போனேன். ஹாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி, "போயிடு கர்ட்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை. கப்பலுக்கு வந்தேன்.

இப்போது என் பெயரில் இருக்கிற பெட்டிக்கு அவன் பழி ஏற்றுக்கொண்டான் என்றால் ஏற்றுக்கொள்ளட்டும். நீ வாயைத் திறக்காதே. உன் படிப்பைப் பார்.

கர்ட்


நவம்பர் 3

கர்ட்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். அம்மா உயிரோடிருந்தபோது அவளிடமாவது சொன்னாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் அதே மில்லில்தான் இருந்தேன். உன் கவனக்குறைவுதான் என்று எல்லோரும் பேசியதை நானும் கேட்டேன். நான் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால், இதை எழுதக் கை வரவில்லை, நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கேட்டால் உனக்கு வலிக்கும் என்று கேட்காமல் விட்டேன்.

நீ வாயைத் திறக்காதே என்றாய். திறந்துவிட்டேன்.

முதலில் ப்ரோமன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மில் வழக்கம் போகவில்லை, இன்னும் என்னைக் குடும்பப் பெயரில்தான் கூப்பிடுகிறார்.

"சண்ட்வால், காபி குடிக்கிறியா?"

"காபி வேண்டாம். நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

விறகைக் கீழே வைத்தார். "அந்த ஆள் 'யாரு கர்ட்'னு கேட்டாரு. திரையில அந்தப் பேரு. எல்லாரும் அதையே பார்த்துட்டு நிக்கிறாங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல. இன்னொரு தடவை அந்தப் பேரு மாட்டறதைப் பார்த்துட்டு நிக்க முடியலை."

"ஹாரி விஷயத்துல நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. நான் ஆபீஸ்ல இருந்தேன்."

"பார்க்காமயே கையெழுத்துப் போட்டீங்களா?"

"மேனேஜர் தாளை நீட்டினாரு. படிக்காம போட்டேன்னு சொல்லமாட்டேன். படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்." அப்புறம் கையுறையைக் கழற்றி விறகின் மேல் வைத்தார். "உன் தம்பி சின்னவன், வேற எங்கயாவது பொழைச்சுக்குவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

திட்டுவதற்காகத்தான் போனேன். திட்டவில்லை. காபி குடித்தேன்.

மறுநாள் கில்ராய் டீச்சரிடம் போய் நான்தான் செருகினேன் என்றேன்.

"தெரியும்" என்றார். "நீ அதுக்குப் பேர் வெச்சப்ப உன் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"டீன்கிட்ட சொன்னேன். அந்த மனுஷன் தான்தான்னு அடிச்சுச் சொல்லி, தாள்ல கையெழுத்தும் போட்டுட்டாரு. அதுக்கு மேல நான் என்ன பண்றது? நீ வருவேன்னு பார்த்துட்டிருந்தேன். லேட்டா வந்திருக்கே."

டீன் ப்ரோமனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், பொய் சொன்னதற்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு. நானாக வந்து சொன்னதால் எனக்கு இரண்டு வாரம் மட்டும் லேப் கிடையாது. கூடவே கட்டடத்தில் இருக்கிற சுவர் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் சிவப்பு எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். கழிப்பறைக்குள் ஒன்று இருக்கிறது. அங்கே யார் எதைச் செருகப் போகிறார்கள்?

ப்ரோமன் உனக்கு எழுதலாமா என்று கேட்கிறார்.

கோலீன்


நவம்பர் 15

கோலீன்,

வேண்டாம்.

மூன்று நாளாக சுப்பீரியர் ஏரியில் புயல். ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம், அதனால் உன் கடிதத்தை நான்கு முறை படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க ஒன்றும் விளங்கவில்லை. பதினோரு வருடம் அவன் ஒரு கல் என்று நினைத்து வைத்திருந்தேன். கல்லைத் திட்டுவது சுலபம். விறகு அடுக்குகிறான், காபி கொடுக்கிறான் என்று நீ எழுதிவிட்டாய். இப்போது யாரைத் திட்டுவது?

நீயும் அப்படித்தான் நினைத்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். உன் முகத்தில் எழுதியிருந்தது. அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். போகட்டும். ஆகஸ்ட் மாதத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன், போகட்டும்.

அவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் ஹாரியிடம் போய்ச் சொல்லட்டும். விரல் போனது ஹாரிக்கு.

கர்ட்


டிசம்பர் 2

கர்ட்டுக்கு,

நீ சொன்னதை அப்படியே ப்ரோமனிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அன்றே ஒரு தாளில் எழுதிவிட்டார்: நான் பார்க்கவில்லை, தகட்டைக் கழற்றியது கர்ட் இல்லை, கழற்றச் சொன்னது மேலிடம், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். தொழிற்சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டார். ஹாரி வீட்டுக்கு மட்டும் இரண்டு முறை போய், வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "கதவைத் தட்டற தைரியம் வரல, சண்ட்வால்" என்கிறார்.

இடையில் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு. மூன்று ரவுட்டர்களை வரிசையாக இணைத்து, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரு பாக்கெட்டை ஆள் மாதிரி அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். வழிகளை நாமே கையால் எழுத வேண்டும். நான் எல்லாம் சரியாக எழுதினேன். மூன்று முறை சரிபார்த்தேன். அனுப்பினால் திரையில் வெறும் புள்ளிகள். புள்ளி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். பதினைந்து நிமிடம்தான் பாக்கி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் ப்ரோமன் முணுமுணுத்தார். "போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் கடைசிப் பெட்டிக்குத் திரும்பற வழியை எழுதினியா?"

எழுதவில்லை! கடைசி ரவுட்டருக்கு எங்கள் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு ஒரு வரி எழுதினேன். திரும்ப அனுப்பினேன். ஒரு புள்ளி, அப்புறம் நான்கு ஆச்சரியக்குறிகள். ஆச்சரியக்குறி என்றால் பதில் வந்துவிட்டது. வகுப்பில் கத்திவிட்டேன். தேர்வில் பேசியதற்கு இருவருக்கும் பத்து மதிப்பெண் பிடித்தம். அப்படியும் எனக்கு எழுபத்தாறு, அவருக்கு எழுபத்திரண்டு. முதல் புள்ளி ஏன் வந்தது என்று கேட்டேன். "முதல் ஆள் பக்கத்து வீட்டுல முகவரி விசாரிச்சுட்டிருந்தான், அதுக்குள்ள நேரம் போயிடுச்சு" என்றார் டீச்சர். இதுவும் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தேறிவிட்டேன்.

உன் கப்பல் 9ஆம் தேதி இங்கே இரும்புத் தாது ஏற்ற வருகிறது என்று துறைப் பலகையில் போட்டிருக்கிறது. அக்டோபரில் வந்தபோது நீ இறங்கவே இல்லை. ப்ரோமனும் பலகையைப் பார்த்துவிட்டார். துறை வாசலில் நிற்பேன் என்கிறார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

அன்று எனக்குக் கடைசி எழுத்துத் தேர்வு, வர முடியாது. பார்த்து நடந்துகொள்.

கோலீன்


எல்மர் ஹாஸ்கின்ஸ், சூ கால்வாய் அருகே
டிசம்பர் 11

கோலீன்,

நீ ஃபோனில் கேட்டபோது "அப்புறம் சொல்றேன்" என்றேன். வாயால் வரவில்லை. எழுதுகிறேன்.

திங்கள் காலை பத்து மணிக்குக் கப்பலைத் துறையில் கட்டினோம். ஏற்றி முடிக்க ஏழு மணி நேரம். துறை வாசலில் அவன் நின்றான். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே, எட்டரை மணியில் இருந்து நிற்கிறான் என்று காவல்காரர் சொன்னார். பதினோரு வருடமாக அவனுக்குச் சொல்ல நான் வைத்திருந்த வசனம் நீளமானது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு பல முறை ஒத்திகை பார்த்தது. அவனைப் பார்த்ததும் முதல் வரியே மறந்துவிட்டது. ஆள் கிழவனாகிவிட்டான்.

அந்தத் தாளை நீட்டினான். படித்தேன். "சரி" என்றேன்.

"நீ அடிச்சாலும் பரவால்ல" என்றான்.

"வண்டி எங்க?" என்றேன்.

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் ஹாரியின் தெருவுக்குத் திருப்பினான். அவன் திருப்பினானா, நான் திருப்பச் சொன்னேனா, இப்போது நினைவில்லை. வீட்டு முன் நிறுத்தினான். இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி ஆவி பிடித்துக்கொண்டது. "இங்கதான் போன தடவையும் நின்னேன்" என்றான். "தெரியுது" என்றேன்.

நான்தான் முதலில் இறங்கினேன். நான்தான் தட்டினேன்.

ஹாரி கதவைத் திறந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தான், பின்னால் நின்ற ப்ரோமனைப் பார்த்தான். ப்ரோமன் தாளை எடுத்தான், படிக்காமலே மடித்துவிட்டு நேராகச் சொன்னான். "ஹாரி, நான் பொய் சொன்னேன். கர்ட் அங்க இல்லவே இல்ல. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."

உள்ளே டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹாரி ப்ரோமனிடம், "நீ வண்டியில இரு. உன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்றான். ப்ரோமன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான்.

ஹாரி என்னிடம், "நீ ஏண்டா அன்னிக்கே சொல்லல?" என்றான்.

"வந்தேன். நீ திரும்பிப் படுத்துட்டே."

"மறுபடி வந்திருக்கணும்."

"ஆமா" என்றேன்.

அப்போது அவன் கையை நீட்டினான், கோலீன். வலது கையை. நான் அந்தக் கையைக் கட்டுப் போட்டிருந்தபோது பார்த்ததோடு சரி. மூன்று விரல்கள். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன்தான் இறுக்கிப் பிடித்தான்.

கர்ட்